ஹீரோவுக்கு என்னங்க சம்பளம்?

படம் பார்த்துட்டு வர்றவங்ககிட்ட எல்லாரும் கதை எப்படி, பாட்டு எப்படி, இடைவேளை எப்படின்னு கேட்பாங்க. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். ஹீரோவுக்கு என்னங்க சம்பளம்?

நடிகரோட சம்பளம் இல்லீங்க. அதை வருமான வரிக்காரங்க பார்த்துக்குவாங்க. கதைக்குள்ள வர்ற ஆள் எங்கே வேலை பார்க்கிறான், மாசம் என்ன வாங்குறான், வீடு சொந்தமா வாடகையா, யாருக்கு எவ்வளவு பாக்கி வெச்சிருக்கான்? இது தெரிஞ்சு எழுதின படம் முக்கால்வாசி நல்லாத்தான் இருக்கும். தெரியாம எழுதின படத்துல நூறு பேரை ஒரே ஆள் அடிச்சாலும் எனக்குக் கொட்டாவி வந்துடும்.

கணபதி பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில கணக்கு எழுதுறது என் தொழில். புத்தி அப்படித்தான் போகும், விடுங்க. ஆனா இந்த ஊர்ல இது என் ஒருத்தனோட நோய் இல்லை. கோயமுத்தூர்ல ஏதாச்சும் ஒரு கல்யாணத்துல போய் உட்கார்ந்து பாருங்க. பக்கத்துல இருக்கிற பெரியவர் "தம்பி எந்த ஊருங்க"ன்னு ஆரம்பிச்சு, "என்ன பண்றீங்க"ன்னு நகர்ந்து, பந்தி போடறதுக்குள்ள உங்க வருமானத்தைத் தோராயமா கணிச்சு வெச்சிருப்பார். மில்லு, பவுண்டரி, லேத்துப் பட்டறை, தறி, தோப்புன்னு வளர்ந்த சீமைங்க இது. வாயில மரியாதை இருக்கும், மனசுக்குள்ள கூட்டல் கழித்தல் ஓடிட்டே இருக்கும்.

அந்தக் கூட்டல் கழித்தலோட 2024லயும் 2025லயும் பார்த்த படங்களைப் பத்தித்தான் இந்தப் பதிவு. இது விமர்சனம் இல்லை, டிக்கெட் எடுத்தவன் பேச்சு. கதை அங்கங்கே வெளியே வரும். இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க.

வட்டி தெரிஞ்ச படம்

2025 ஜனவரி 24ஆம் தேதி வந்த 'குடும்பஸ்தன்'தான் என் நோட்டுல முதல் மார்க். இயக்குநர் ராஜேஷ்வர் காளிசாமி. அவரோட சேர்ந்து எழுதினவர் பிரசன்னா பாலச்சந்திரன். ரெண்டு பேரும் நம்ம ஊர் 'நக்கலைட்ஸ்' யூடியூப் சேனல்ல இருந்து வந்தவங்க. 'அம்முச்சி' தொடரைப் பார்த்தவங்களுக்கு அவங்க கை வரிசை தெரியும்.

நவீனா மணிகண்டன். விளம்பரக் கம்பெனியில டிசைனர் வேலை. காதல் கல்யாணம். அப்பாவுக்கு வீட்டைப் புதுப்பிக்கணும், அம்மாவுக்குக் கோயில் சுற்றுலா போகணும், மனைவிக்குப் பரீட்சைக்குப் படிக்கணும். எல்லாம் அந்த ஒரே சம்பளத்துல. அந்த வேலை போயிடுது. வீட்டுல சொல்லலை. அங்கேருந்து கடன் ஆப்பு, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அக்கா புருஷன் முன்னாடி கௌரவம் போகக் கூடாதேன்னு இன்னொரு பொய்.

இதுல என்ன புதுசுன்னு கேட்கலாம். கடன் வாங்கிக் கஷ்டப்படறவனை நம்ம சினிமா காலம் காலமா காட்டிட்டுத்தான் இருக்கு. ஆனா வழக்கமா கடன் கொடுத்தவன் மீசையை முறுக்கிட்டு வாசல்ல வந்து நிப்பான், ஹீரோ அம்மா தாலியைக் கழட்டிக் கொடுப்பாங்க, ஒரு பாட்டு வரும். 'குடும்பஸ்தன்'ல கடன் போன்ல வருது. தொகை தெரியுது, தவணை தெரியுது, இந்த மாசம் கட்டலைன்னா யார் கூப்பிடுவாங்கன்னு தெரியுது. தியேட்டர்ல சிரிச்சுட்டே இருந்தவங்கள்ல பாதிப் பேர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்திருப்பாங்க. இந்த ஊர்ல சம்பளக்காரன் வீட்டுல நடக்கிறதை இவ்வளவு துல்லியமா வேற யாரும் சமீபத்துல எழுதலை.

குரு சோமசுந்தரம் பண்ணின அந்த மாப்பிள்ளை பாத்திரம் இருக்கே, ராஜேந்திரன், அவரை மாதிரி ஒருத்தர் எல்லாச் சொந்தத்துலயும் இருக்கார். கை கொடுத்துத் தூக்கி விடுவார், தூக்கி விட்டதை ஊருக்கே சொல்லுவார். வில்லன்னும் சொல்ல முடியாது, நல்லவர்னும் ஒத்துக்க மனசு வராது. படம் முடிஞ்சு வெளியே வந்தப்ப என் மச்சான் என்னைப் பார்க்கலை, நான் அவரைப் பார்க்கலை. அதுக்கு மேல பாராட்டு என்ன வேணும்?

ஒரு குறையும் சொல்லிடணும். நவீனும் வெண்ணிலாவும் சாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கிறவங்க. படம் அதோடதான் தொடங்குது. போகப் போக அது மாமியாரோட குத்தல் பேச்சா, நாலு சிரிப்பா கரைஞ்சிடுது. 2015ல கோகுல்ராஜ், 2016 மார்ச்சுல உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல பட்டப்பகல்ல சங்கர்னு ரெண்டு பேரைச் சாதிக் கொலைக்குப் பறிகொடுத்த மண்ணுங்க இது. காசு இல்லாததைச் சிரிப்பாக்கலாம், அது நம்மளை நாமே கிண்டல் பண்ணிக்கிறது. சாதியைச் சிரிப்பாக்கி நகர்ந்து போறது எனக்குக் கொஞ்சம் உறுத்துச்சு. நகைச்சுவைப் படத்துக்குள்ள எவ்வளவுதான் வைக்க முடியும்னு நீங்க கேட்டா அதுவும் நியாயம்தான். ஆனா எடுத்துக்கிட்டதே அவங்கதானே?

நம்ம பேச்சு

'குடும்பஸ்தன்' எனக்குப் பிடிச்சதுக்கு இன்னொரு காரணம், அதுல கொங்குப் பேச்சு சிரிப்பு மூட்டறதுக்காக மட்டும் வரலை. கொங்குத் தமிழ் சினிமாவுக்குப் புதுசு இல்லை. 1995ல பாலு மகேந்திரா எடுத்த 'சதி லீலாவதி'யில கமலும் கோவை சரளாவும் படம் முழுக்கப் பேசினது அதைத்தான். இன்னைக்குப் போட்டாலும் வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து பார்க்கிறாங்க. ஆனா அதுக்கு அப்புறம் பல வருசம், "ஏனுங்ணா" சொன்னாலே அவர் காமெடியன்னு ஆயிடுச்சு. கதை சொல்ற ஆளு மதுரை, அடிக்கிற ஆளு மதுரை, அழுகிற ஆளு தஞ்சாவூர், சிரிக்க வைக்கிற ஆளு மட்டும் கோயமுத்தூர்.

இத்தனைக்கும் இந்தப் பக்கத்து ஆளுங்க சினிமாவுல கொஞ்ச நஞ்சமா இருந்தாங்க? கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் வெள்ளாங்கோயில்காரர் பாக்யராஜ். சூலூர் மணிவண்ணன். தாராபுரம் நாகேஷ். சிவகுமார், சத்யராஜ்னு சொல்லிட்டே போகலாம். பாக்யராஜ் படங்களை இப்ப எடுத்துப் பாருங்க, என் கேள்விக்கு ஒவ்வொண்ணுலயும் பதில் இருக்கும். 'முந்தானை முடிச்சு'ல கைக்குழந்தையோட வர்ற வாத்தியார். 'அந்த 7 நாட்கள்'ல வாய்ப்பு தேடி வர்ற பாலக்காட்டு மாதவன், பக்கத்துல ஒரு சின்னப் பையன், ஒரு ஆர்மோனியப் பெட்டி. அவன்கிட்ட எவ்வளவு இருக்குன்னு அவன் வர்ற முதல் காட்சியிலயே நமக்குத் தெரிஞ்சிடும். கையில காசில்லாத காதலன் எங்க போய் நிப்பான்னு பயப்படறதுக்கு அது போதும்.

அந்த வரிசையில இப்ப நக்கலைட்ஸ் பசங்க வந்து நிக்கிறாங்க. வட்டாரப் பேச்சு இருக்கறதால இல்லை, வட்டாரக் கணக்கு தெரிஞ்சிருக்கறதால.

ஒரே வெள்ளிக்கிழமை, ரெண்டு படம்

2025 ஜூலை 4. ஸ்ரீ கணேஷோட '3பிஎச்கே', ராமோட 'பறந்து போ' ரெண்டும் அன்னைக்கே வந்துச்சு. ரெண்டும் நடுத்தரக் குடும்பத்துப் பணத்தைப் பத்திப் பேசற படம். பேசற திசைதான் வேற.

'3பிஎச்கே'ல சரத்குமார், தேவயானி, சித்தார்த். சொந்த வீடு வாங்கணும்னு ஒரு குடும்பம் சேர்த்துக்கிட்டே இருக்கு. சேர்த்தது மகனோட காலேஜ் சீட்டுக்குப் போகுது, அப்பாவோட இதயச் சிகிச்சைக்குப் போகுது. இவங்க ஒரு தொகையைத் தொடறதுக்குள்ள வீட்டு விலை அதைத் தாண்டிப் போயிடுது. நோட்டுல எழுதி எழுதிக் கூட்டற அந்த வீட்டை எனக்குத் தெரியும். சரவணம்பட்டியில ஐ.டி. கம்பெனிங்க வர்றதுக்கு முன்னாடி இடம் வாங்காம விட்டவங்க எல்லாருக்கும் தெரியும். படம் கொஞ்சம் நீளம், அழுகை கொஞ்சம் அதிகம். ஆனா கணக்கு சரி.

'பறந்து போ'ல அதே இ.எம்.ஐ., அதே வசூல்காரன். அவன்கிட்ட இருந்து தப்பிச்சு மிர்ச்சி சிவா பையனைக் கூட்டிக்கிட்டு வண்டியில கிளம்பிடறார். பையனோட அம்மா கிளோரி கண்காட்சியில சேலைக்கடை போட நம்ம கோயமுத்தூருக்கு வந்திருக்காங்க. கிரேஸ் ஆண்டனி அந்த வேடத்துல அப்படிப் பொருந்தியிருக்காங்க. கொடிசியா வளாகத்துல நடக்கிற கண்காட்சிகளுக்குப் போனவங்க அந்த மாதிரிப் பெண்களைப் பார்த்திருப்பாங்க. நாள் முழுக்க நின்னு, சேலையைப் பிரிச்சுக் காட்டி, மடிச்சு, பிரிச்சுக் காட்டி, சாயங்காலம் வீட்டுக்கு வீடியோ காலில் சிரிச்சுப் பேசறவங்க. ராம் படம்னா பாரமா இருக்கும்னு பயந்து போனவன் நான். இது காத்தாட இருந்தது. கடன் இருக்கு, அதுக்காக ஆகாசத்தைப் பார்க்காம இருக்க முடியுமான்னு படம் கேட்குது. 'கட்டிட்டுப் பாருங்க'ன்னு என் மனசு சொன்னாலும், பக்கத்துல உட்கார்ந்திருந்த பொண்ணு முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கிட்டேன்.

ரெண்டுல எது நல்ல படம்னு கேட்டா 'பறந்து போ'. எது நிஜம்னு கேட்டா '3பிஎச்கே'. ரெண்டு கேள்வியும் ஒண்ணு இல்லைன்னு அந்த வாரந்தான் நல்லாப் புரிஞ்சது.

நாற்பத்தெட்டு அரியர்

பிரதீப் ரங்கநாதனோட 'டிராகன்' 2025 பிப்ரவரி 21ல வந்துச்சு. அஸ்வத் மாரிமுத்து இயக்கம். 48 அரியர் வெச்ச இன்ஜினியரிங் மாணவன், போலிச் சான்றிதழ் கொடுத்து வேலைக்குச் சேர்ந்து, வீடு கார்னு உயர்ந்து நிக்கும்போது பழைய பிரின்சிபால் வந்து பிடிக்கிறார்.

தெருவுக்கு ஒரு இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிற ஊர்ல இந்தப் படம் ஓடாம எந்தப் படம் ஓடும்? தியேட்டர்ல பின்சீட்டுப் பசங்க அரியர் எண்ணிக்கை வந்ததும் கைதட்டின தட்டு, ரஜினி என்ட்ரிக்குக் கூட விழுந்திருக்காது. முதல் பாதி சத்தம் எனக்கு ஒத்துக்கலை. ஆனா ரெண்டாம் பாதியில படம் ஒரு நல்ல கேள்வியைப் பிடிச்சிடுது. போலிச் சான்றிதழ்ல ஒருத்தன் வேலையில உட்கார்ந்தா, நிஜமாப் படிச்ச ஒருத்தன் எங்கேயோ அந்த வேலை கிடைக்காம நிக்கிறான். பற்று எழுதினா வரவு எங்கேயோ எழுதியாகணும்ங்கிறது எங்க தொழிலோட முதல் பாடம். ஹீரோ ஜெயிச்சா யாரோ ஒருத்தர் தோத்திருக்கணும்னு சொல்ற தமிழ்ப் படம் ரொம்பக் குறைவு. அதுக்காகவே மிஷ்கினோட அந்தப் பிரின்சிபாலுக்கு ஒரு வணக்கம்.

கிரைண்டர் ஊர்ல ஆட்டுக்கல்

2025 அக்டோபர் 1ல தனுஷோட 'இட்லி கடை'. வெளிநாட்டு வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து அப்பாவோட கடையை எடுத்து நடத்தற மகன். அப்பா ராஜ்கிரண். கையால ஆட்டின மாவுதான் மாவு, மிஷின் வேண்டாம்கிறது அவரோட கொள்கை.

எங்க வரிசை முழுக்க நெளிஞ்சதுங்க. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கி வெச்சிருக்கிற ஊர் இது. 1955 வாக்குல பி. சபாபதி உருவாக்கின அந்தக் கிரைண்டர் தமிழ்நாட்டுப் பெண்களோட தோள்பட்டை வலியை எவ்வளவு இறக்கி வெச்சதுன்னு எங்க அம்மாவைக் கேட்டாத் தெரியும். அவங்க படம் பார்த்துட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு மாசம் அவரை ஆட்டச் சொல்லுங்க."

படம் மோசம்னு சொல்லலை. ராஜ்கிரணைப் பார்த்தாலே அப்பா ஞாபகம் வந்து கண்ணு கலங்கிடுது, அது வேற. ஆனா ஒரு கடையைப் பத்திப் படம் எடுத்தா கடை எப்படி ஓடுதுன்னு காட்டணும். ஒரு நாளைக்கு எத்தனை படி அரிசி போடறாங்க, ஒரு இட்லி என்ன விலை, கடன் சொல்லிச் சாப்பிடறவங்க எத்தனை பேர், மீந்த மாவு என்ன ஆகும்? இது எதுவும் தெரியாததால அந்தக் கடை கோயில் மாதிரித் தெரியுதே தவிர கடை மாதிரித் தெரியலை. காந்திபுரத்துல விடியற்காலை வண்டி போடறவங்களைக் கேளுங்க, மாவு விலையில ஒரு படமே சொல்லுவாங்க.

அதே வருசம் ஜூலையில பாண்டிராஜ் எடுத்த 'தலைவன் தலைவி'யும் சாப்பாட்டுக் கடைக் குடும்பம்தான். விஜய் சேதுபதி புரோட்டா போடறவர், நித்யா மேனன் மனைவி. படம் முழுக்கக் கத்தல். ஆனா குடும்பமே சேர்ந்து கடை நடத்தும்போது எந்தச் சண்டை எங்கேருந்து கிளம்பும்னு அந்த இயக்குநருக்குத் தெரியும். காது வலிச்சாலும் நம்பிட்டேன்.

பெரிய படங்களும் பெரிய சத்தமும்

இனி பெரிய ஆளுங்க. முதல்ல 'கூலி'. 2025 ஆகஸ்ட் 14. ரஜினிக்கு அது சினிமாவுல ஐம்பதாவது வருசம். இயக்கம் லோகேஷ் கனகராஜ், நம்ம கிணத்துக்கடவு பையன். பொள்ளாச்சி ரோட்டுல போறப்ப எல்லாம் அந்த ஊரைத் தாண்டறதால அவர் மேல ஒரு உரிமை எங்களுக்கு. சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி பேங்க்ல வேலை பார்த்தவர் வேற. 'கைதி' மாதிரி ஒரே ராத்திரியில நடக்கிற கதையை, ஒரு லாரியும் பிரியாணியும் போதும்னு எழுதின ஆளுங்க அவர்.

'கூலி'ன்னு பேர் வெச்ச படத்துல கூலியைப் பத்தி என்ன இருக்கும்னு ஆசையா உட்கார்ந்தேன். துறைமுகம் இருக்கு, தொழிலாளிங்க இருக்காங்க, நாகார்ஜுனா ஸ்டைலா இருக்கார், சௌபின் சாகிர் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடறார். ஆனா அந்தத் தொழிலாளிங்களுக்கு என்ன கொடுக்கிறாங்க, ஏன் விட்டுட்டுப் போக முடியலைங்கிறது எல்லாம் பேச்சுல ஓடிப் போயிடுது. அதே ஆகஸ்ட்டுல அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு 50 சதவீத வரி போட்டு, திருப்பூர்ல ஆர்டர் நிக்குமா, ஷிப்ட் குறையுமான்னு பனியன் கம்பெனிக்காரங்களும் தையல்காரங்களும் தவிச்சுட்டு இருந்தாங்க. கூலிங்கிற வார்த்தைக்கு இந்தப் பக்கம் அவ்வளவு கனம் இருந்த மாசம் அது. ரஜினி நடந்து வர்ற நடைக்குக் காசு கொடுத்தேன், அது வசூல் ஆயிடுச்சு. கதைக்குக் கொடுத்தது வாராக்கடன்.

'கங்குவா', 2024 நவம்பர் 14. சூர்யாவோட பூர்வீகம் சூலூர்ப் பக்கம்ங்கிறதால இங்கே அவருக்கு எப்பவும் ஒரு தனிப் பாசம் உண்டு. படம் தொடங்கினதும் எல்லாரும் கத்த ஆரம்பிச்சாங்க, முடியற வரைக்கும் கத்தினாங்க. சத்தம் தாங்கலைன்னு பேச்சு கிளம்பி, வால்யூமைக் குறைச்சு வைங்கன்னு தயாரிப்பாளரே தியேட்டர்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதா போச்சு. படத்துல வர்ற பழைய காலத்து ஐந்து தீவுல மக்கள் என்ன சாப்பிட்டாங்க, எதை யாருக்கு வித்தாங்கன்னு எனக்குக் கடைசி வரை தெரியலை. சண்டைக்குக் காரணம் வேணுமில்லீங்களா?

ஆனா இந்த ரெண்டு வருசத்துல ரொம்ப ஏமாத்தினது 'இந்தியன் 2'தான், 2024 ஜூலை 12. காரணம், 1996ல வந்த முதல் 'இந்தியன்' என் கேள்விக்கு நூத்துக்கு நூறு வாங்கின படம். மகன் சந்துரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல புரோக்கர். எந்த மேஜைக்கு எவ்வளவு, எந்தக் கையெழுத்துக்கு யார் கை நீளும்னு படம் படிப்படியாக் காட்டும். பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்கு அதே சந்துரு சான்றிதழ் கொடுத்ததால பள்ளிக்கூடக் குழந்தைங்க சாகிறாங்க. அதனாலதான் பெத்த மகன் மேலயே இந்தியன் தாத்தா கத்தி எடுத்தப்ப நமக்கு நெஞ்சு அடைச்சது. ரெண்டாம் பாகத்துல லஞ்சம்னா தங்கத்துல இழைச்ச மாளிகை. அப்படி ஒருத்தரை நான் பார்த்தது இல்லை. நான் பார்த்த லஞ்சம் எல்லாம் "டீ செலவுக்கு"ன்னு சிரிச்சுட்டே கேட்டது. இருபத்தெட்டு வருசத்துல லஞ்சம் எப்படி மாறியிருக்குன்னு அந்தப் படத்தை எழுதினவங்களுக்குத் தெரியலை, நமக்குத் தெரியுது. அங்கேதான் விழுந்துச்சு.

பெரிய படம்னாலே இப்படின்னு சொல்ல மாட்டேன். 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' பெரிய படம்தான். மேஜர் முகுந்த் வரதராஜனோட கதை. அதுல எனக்கு நிக்கிறது சண்டை இல்லை, லீவு எப்பக் கிடைக்கும்னு காத்திருக்கிற ஒரு மனைவி. அந்த இந்துவா நடிச்ச சாய் பல்லவி கோத்தகிரியில பிறந்து கோயமுத்தூர்ல வளர்ந்தவங்க. ஊர்க்காரின்னு சொல்லி வைக்கிறேன், ஆனா மார்க் போட்டது நடிப்புக்கு.

கேரளா எல்லை தாண்டி

கோயமுத்தூர்ல சினிமா பார்க்கிறவனுக்கு ஒரு வசதி. வாளையார் தாண்டினா கேரளா. அதனால மலையாளப் படம் இங்கே முதல் நாளே வந்துடும், டப்பிங்குக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தப்ப, மலையாளம் ஒரு வார்த்தை தெரியாத எங்க பேட்டை ஆளுங்க குணா குகைக்குள்ள அந்தப் பையன் விழுந்ததும் மூச்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தாங்க. அந்த நண்பர்கள் யார், என்ன வேலை, கொடைக்கானல் போக எப்படிக் காசு போட்டாங்கன்னு முதல் அரை மணி நேரத்துலயே சொல்லிடறாங்க. அதனாலதான் கயிறு இறங்கும்போது நம்ம கையும் கூட இறங்குது.

தியேட்டர் விசயத்துல எங்க ஊருக்கு ஒரு வரலாறே இருக்குங்க. ரயில்வேயில வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட புரொஜெக்டரை வாங்கி, ஊர் ஊராக் கூடாரம் போட்டுப் படம் காட்டினவர். 1914ல இங்கே வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்த ரோடு இன்னைக்கும் வெரைட்டி ஹால் ரோடுதான். எம்.ஜி.ஆர். நடிச்ச 'மலைக்கள்ளன்' 1954ல உருவானது நம்ம பட்சிராஜா ஸ்டுடியோவுல. கே.ஜி. வளாகத்துல ராகம், தானம், பல்லவி, அனுபல்லவின்னு தியேட்டருக்குப் பேர் வெச்ச ரசனை வேற எந்த ஊருக்கு வரும்? இப்ப அவிநாசி ரோட்டுல பிராட்வேயில ஐமேக்ஸ் வந்தாச்சு. திரை பெருசாயிடுச்சு. டிக்கெட்டும் பாப்கார்னும் கூடப் பெருசாயிடுச்சு. நாலு பேர் குடும்பமாப் போனா ஆயிரம் ரூபாய் நோட்டு இருந்திருந்தா அதுவும் பத்தாது. சில வாரத்துல ஓ.டி.டி.யில வந்துடும்னு தெரிஞ்சும் போறோம்னா, அந்தக் காசுக்குப் படம் பதில் சொல்லணும் இல்லீங்களா?

என் அளவுகோலுக்கு அடங்காதவை

எல்லாத்தையும் கணக்குல அடக்கிட முடியாதுதான். 'மெய்யழகன்' 2024 செப்டம்பர்ல வந்துச்சு. பிரேம் குமார் இயக்கம். ரெண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசறாங்க, அவ்வளவுதான் படம். நீளம்னு வெளியான பிறகு வெட்டினாங்க. எனக்கு வெட்டினதுதான் வருத்தம். அதுலயும் பாருங்க, ஊரை விட்டுப் போனவன் விட்டுட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கு. கொடுத்தவனுக்கு அது ஞாபகமே இல்லை, வாங்கினவன் மறக்கவே இல்லை. அந்தக் கடனுக்கு எந்தப் பேரேட்டுல இடம் இருக்கு?

மாரி செல்வராஜோட 'வாழை', அதே வருசம் ஆகஸ்ட். வாழைத்தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கேட்கிறதும், அந்த ஒரு ரூபாயைத் தர மனசில்லாததும் கடைசியில எங்க போய் முடியுதுன்னு பார்த்துட்டு, ராத்திரி சாப்பாடு இறங்கலை. இந்த ரெண்டு வருசத்துல பணத்தைப் பத்தி வந்த தமிழ்ப் படங்கள்ல ஆக உயர்ந்தது எதுன்னா இதுதான். 'குடும்பஸ்தன்' எனக்கு நெருக்கம், 'வாழை' எல்லாத்தையும் விடப் பெருசு.

இன்னொரு பக்கம் 'மதகஜராஜா'. பன்னிரண்டு வருசம் பெட்டியில கிடந்து 2025 பொங்கலுக்கு வந்த சுந்தர்.சி படம். விஷால், சந்தானம். யாருக்கு என்ன வேலைன்னு அதுல ஒருத்தரும் கேட்கலை, நானும் கேட்கலை. விழுந்து விழுந்து சிரிச்சேன். கணக்கே இல்லைன்னு முதல் காட்சியிலயே ஒத்துக்கிற படத்துக்கிட்ட கணக்குக் கேட்கிறது தப்பு. கணக்கு இருக்கிற மாதிரி நடிக்கிற படத்தைத்தான் விடக் கூடாது.

எடுக்காம விட்ட கதைகள்

இனி படம் எடுக்கறவங்களுக்கு ஒரு விண்ணப்பம். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரங்க கூலி உயர்வு கேட்டு 2022லயும் 2025லயும் வாரக்கணக்குல தறியை நிறுத்திப் போட்டாங்க. சொந்தத் தறி வெச்சிருக்கிற முதலாளி அவர், இன்னொருத்தர் நூலுக்குக் கூலிக்கு நெய்யற தொழிலாளியும் அவரே. இப்படி ஒரு ஹீரோ எந்தப் படத்துல வந்திருக்கார்? பொள்ளாச்சித் தோப்புல வெள்ளை ஈயோட மல்லுக்கட்டறவர், பவுண்டரியில ராத்திரி ஷிப்ட் பார்க்கிற பீகார்ப் பையன், திருப்பூர்ல பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற அக்கா, காடு வித்த காசுல கார் வாங்கிட்டு அதே காட்டுல போட்ட சைட்டுக்கு வாட்ச்மேனாப் போற தாத்தா. 'தேவர் மகன்', 'எஜமான்' படங்களை எடுக்கப் பொள்ளாச்சி வரைக்கும் வந்தீங்க. பச்சை வயலையும் பெரிய வீட்டையும் நல்லாவே படம் பிடிச்சீங்க. அந்த வயல்ல என்ன மிஞ்சுதுன்னு கேட்க மட்டும் ஒருத்தரும் நிக்கலை.

நக்கலைட்ஸ் பசங்க தொடங்கி வெச்சுட்டாங்க. அடுத்து யார்னு பார்த்துட்டு இருக்கேன். நீங்களும் அடுத்த படத்துக்குப் போனா முதல் ரீல் முடியறதுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, ஹீரோவுக்கு என்னங்க சம்பளம்னு. அவர் யோசிக்காம பதில் சொன்னா நல்ல படம். "அதெல்லாம் எதுக்குங்க, படத்தைப் பாருங்க"ன்னு சொன்னா, பாப்கார்ன் வாங்க அதுதான் சரியான நேரம்.